தானாக விலகியவர்கள்

வெயில் சுவரோரமாக நகர நகர வரிசையும் அதோடு நகர்ந்தது. டோர்ன்வால் தொழிலாளர் அலுவலக வாசலில் நின்ற எழுபது எண்பது பேரில் ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. ஜூலை அங்கே குளிர்காலம்; அவர்கள் பார்த்ததெல்லாம் செங்கல் சுவரில் விழுந்திருந்த வெயில் பட்டையைத்தான். அது ஓரடி தள்ளிப்போனால் எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். யாருக்குப் பின்னால் யார் என்பது மட்டும் மாறவில்லை. மொய்போனேக்கு முன்னால் சிவப்புக் கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர். பின்னால் ஜெர்மினா.

வேலையிழந்தோர் உதவி நிதிக்காக இருவரும் வருவது இது நான்காவது முறை. முதல் முறை படிவத்தில் வங்கி முத்திரை இல்லை என்றார்கள். இரண்டாம் முறை முத்திரை இருந்தது, ஆனால் நீல மையில் இருந்தது. கறுப்பு மைதான் செல்லுமாம். மூன்றாம் முறை அலுவலகத்துக்கே மின்சாரம் இல்லை.

காவலாளி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "கம்ப்யூட்டர் இன்னும் வரல. ப்ளூம்ஃபொன்டெய்ன் பெரிய ஆபீஸ்லேர்ந்து லைன் வரணும். இருக்கறவங்க இருங்க, போறவங்க போங்க."

"நடந்து வருதா, டாக்சி புடிச்சு வருதா?" என்றாள் ஜெர்மினா. "டாக்சின்னா இந்நேரம் வந்திருக்கணுமே தம்பி."

வரிசை சிரித்தது. காவலாளியும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். ஜெர்மினா இடுப்பில் சுற்றியிருந்த போர்வையைத் தளர்த்தி, அதற்குள்ளிருந்து எண்ணெயில் பொரித்த மாவுருண்டை ஒன்றை எடுத்துப் பிய்த்தாள். பெரிய பாதி மொய்போனேக்கு.

மொய்போனே அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தின்றாள். அவளுடைய வலக்கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கி அப்படியே நின்றுபோயிருந்தன. கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பதினான்கு வருடம். தலைக்கு மேலே கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும் கோழியை இடக்கையால் இழுத்து, வலக்கைக் கத்தியால் தொடையெலும்பைச் சுற்றி ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, பிறகு ஒரு திருகு. நிமிடத்துக்குப் பதினெட்டுக் கோழி என்று இருந்தது பின்பு இருபத்திரண்டு ஆயிற்று. கையுறைக்குள்ளே பனித்தண்ணீர் நிற்கும். காலையில் எழுந்ததும் வெந்நீரில் கையை ஊறவைத்தால்தான் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியும். இப்போதெல்லாம் அவள் கோட்டுப் பொத்தானை ஜெர்மினாதான் போட்டுவிடுகிறாள். ஜெர்மினாவுக்கு ஐம்பத்தொரு வயது, மொய்போனேயைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் மணிக்கட்டிலும் துணிக்கட்டு உண்டு. விரல்கள் மட்டும் இன்னும் நீளும்.

ஒன்றே முக்காலுக்குக் கணினி வந்தது. மூன்று மணி சுமாருக்கு இருவரும் ஒரே முகப்பில் சேர்ந்தாற்போல் போய் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் லெடிமா என்று பெயரட்டை குத்திய சின்ன வயதுப் பெண். விசைப்பலகையைத் தட்டினாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள்.

"மொய்போனே மொலாப்போ. அம்மா, உங்க மனு தள்ளுபடி ஆயிருக்கு."

"தள்ளுபடின்னா?"

"பணம் கிடையாதுன்னு அர்த்தம். வேலையை விட்டு எடுத்துட்டாத்தான் நிதியிலேர்ந்து வரும். தானா விலகினவங்களுக்கு வராது. சட்டம் அப்படி."

"நானா விலகினேனா? யாரு சொன்னது?"

"நீங்கதாம்மா சொல்லியிருக்கீங்க."

லெடிமா எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்து வந்தாள். அதில் ஒற்றைத் தாள். ஆங்கிலத்தில் அச்சடித்த மூன்று வரி. எனக்கு வேறிடத்தில் நல்ல வாய்ப்புக் கிடைத்திருப்பதால் என் சொந்த விருப்பத்தின் பேரில் இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன். யாருடைய நிர்ப்பந்தமும் இல்லை. கம்பெனிமீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. கீழே கையெழுத்து. பெயரும் விலாசமும் கையால் எழுதியவை. மொய்போனேயின் கையெழுத்துத்தான் அது, அதில் சந்தேகமில்லை. அதற்கும் கீழே பிப்ரவரி இருபத்தேழு என்று தேதி.

"நல்ல வாய்ப்பா?" மொய்போனே வலக்கையைத் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்தாள். நிமிர்ந்த விரல்கள் மூன்றும் கண்ணாடியில் பட்டன. "இந்தக் கைக்கா? எந்த மகராசன் குடுக்கறான், சொல்லும்மா, இப்பவே போறேன்."

லெடிமா அந்தக் கையைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதே வாய்ப்புத்தானான்னு பாரு கண்ணு," என்றாள் ஜெர்மினா பின்னாலிருந்து. "ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போறோம்னா டாக்சிச் செலவு மிச்சம்."

ஜெர்மினாவின் கோப்பிலும் அதே தாள், அதே மூன்று வரி. 'வாய்ப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. மொய்போனேயின் தாளில் எங்கே தவறோ, ஜெர்மினாவின் தாளிலும் அங்கேயே தவறு.

"இதுல ஒரு நகல் குடும்மா," என்றாள் மொய்போனே.

"முதலாளி குடுத்த ஆவணம். நகல் தர எனக்கு அதிகாரம் இல்ல." லெடிமா பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. இரண்டு கோப்புகளையும் திறந்து, எழுத்து அவர்கள் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கண்ணாடியோரம் வைத்தாள். "நான் போய்த் தண்ணி குடிச்சுட்டு வரேன். அஞ்சு நிமிஷம் ஆகும். யாரும் இதைத் தொடக்கூடாது. அப்புறம், மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கு. இன்னையிலேர்ந்து தொண்ணூறு நாள். தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் வந்தீங்கன்னா கதவைச் சாத்தறது நானாத்தான் இருக்கும்."

அவள் போனதும் ஜெர்மினா உடைந்த திரையுள்ள தன் கைபேசியை எடுத்தாள். "தொடக்கூடாதுன்னுதான் சொன்னா. பாக்கக்கூடாதுன்னு சொல்லல," என்றபடி இரண்டு தாளையும் படம் பிடித்தாள்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மொய்போனே ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு நடந்தது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை. மத்தியான ஷிஃப்ட்டுக்குப் போனபோது உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அறுபத்திரண்டு பெயர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், அல்லது ஆலை மருத்துவ அறைக்கு அடிக்கடி போனவர்கள். பணியாளர் அதிகாரி மொசியா உணவுக்கூடத்து மேசைமேல் ஏறி நின்று, "அம்மாமார்களே, வரிசையோட வேகத்துக்கு உங்களால ஈடுகுடுக்க முடியல. உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்றான். ரப்பர் பூட்டையும் கத்தியையும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னான். அவ்வளவுதான். காகிதம் எதுவும் தரவில்லை, வாங்கவுமில்லை.

வீட்டில் கோபாங் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் இருமல் வரும் என்பதால் தூங்குவதும் உட்கார்ந்தபடிதான். இருபத்து மூன்று வருடம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவன் மொய்போனேயின் கணவன். நுரையீரலில் தூசி. அதற்கான நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. தலையணை உறை ஒன்று நிறைய அவன் காகிதங்கள் இருந்தன.

"என்ன, ராணி மகாராணி? குடுத்தானா?"

"நானா விலகிட்டேனாம். எழுதிக் குடுத்திருக்கேனாம்."

"வரிசைல நிக்கறதுல நான் உனக்கு சீனியர். காட்டு இங்க."

கூடவே வந்திருந்த ஜெர்மினா கைபேசியை நீட்டினாள். கோபாங் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கட்டைவிரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தான். அவனுக்கு ஆங்கிலம் வரும். ஒரு வரி படிக்கவும் ஒரு மூச்சு. கடைசியில் புருவத்தைச் சுருக்கினான்.

"இதென்ன நம்பர்? நாலு நாலு ஒண்ணு ஏழு."

"எது?"

"விலாசம். நீ எழுதியிருக்க. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு, பழைய பகுதி."

மொய்போனே அடுப்பில் வைக்கவிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அது அவர்கள் பன்னிரண்டு வருடம் குடியிருந்த தகரக் கொட்டகையின் எண். அக்டோபர் மாதம், அதாவது அவளை வேலையிலிருந்து அனுப்பியதற்குப் பதினாறு மாதம் முன்னால், நகராட்சி இந்தச் சிமெண்டு வீட்டைக் கொடுத்தது. கொடுத்த அன்றைக்கே புல்டோசர் வந்து பழைய வரிசை முழுவதையும் சமன் செய்துவிட்டது.

"கோப்பு மாத்தறோம்னாங்களே," என்றாள் மெதுவாக. "இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, அந்தக் குளிர்காலத்துல. ஒரு திங்கக்கிழமை. வரிசையை நிறுத்தாமலே ஒவ்வொருத்தரா கூப்பிட்டான் மொசியா. புது அடையாள அட்டைன்னான். மூணு தாள். ஒண்ணு அட்டைக்கு, ஒண்ணு பேங்குக்கு. மூணாவது என்னன்னு நான் கேக்கல. தேதி எழுதட்டுமான்னுதான் கேட்டேன். 'அதை நாங்க போட்டுக்கறோம் அக்கா, கோழி வருது, ஓடுங்க'ன்னான்."

ஜெர்மினா மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். "நானும்தான் போட்டேன்," என்றாள். "கையில கொழுப்பு ஒட்டியிருந்துச்சு. தாள் கறையாயிடும்னு கையைத் தொடைச்சுட்டு வேற போட்டேன்."

அடுத்த பத்து நாளில் அந்த அறுபத்திரண்டு பேரில் முப்பத்தொரு பெண்கள் மேல்முறையீட்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்களில் சிலர் ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டார்கள், சிலர் எதற்கு வம்பு என்றார்கள். முப்பத்தொரு மனுவையும் கோபாங்தான் எழுதினான். மடியில் ரொட்டி வெட்டும் பலகையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து முறை மூச்சு வாங்கி, ஒவ்வொன்றையும் முழுதாக எழுதினான். ஒரே மாதிரி எழுதி நகல் எடுத்தால் என்ன என்று ஜெர்மினா கேட்டதற்கு, "அவனுங்க பண்ணினது அதுதானே? நாம அப்படிப் பண்ணக்கூடாது" என்றான். எல்லாவற்றையும் மொய்போனே எழுபதாம் நாள் லெடிமாவிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மையில் முத்திரை வாங்கிக்கொண்டாள்.

நவம்பரில் ப்ளூம்ஃபொன்டெய்னுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு பேரும் இரண்டு வேன் பிடித்துப் போனார்கள். போகும்போது பாடிக்கொண்டே போனார்கள். ஜெர்மினா வேனின் முன்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து மொசியா பேசுகிற மாதிரி பேசிக் காட்டினாள். "அம்மாமார்களே, உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்." ஓட்டுநர் சிரித்துச் சிரித்துப் பெட்ரோல் பங்கைத் தவறவிட்டு ஒரு கிலோமீட்டர் திரும்பி வந்தான்.

நாலாவது மாடி. தாழ்வாரத்தில் பதினொரு நாற்காலிகள் இருந்தன, மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் ஆறேழு நிமிடத்தில் வெளியே வந்தார்கள். ஜெர்மினா நான்கு நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"இது உங்க கையெழுத்தான்னு கேட்டாரு. ஆமான்னேன். படிக்கத் தெரியுமான்னாரு. தெரியும்னேன். சரி போங்கன்னாரு." அவள் நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்தாள். "பொய் சொல்லியிருக்கணுமோடீ?"

மொய்போனேயைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த தலைவர். வலப்பக்கம் தொழிலாளர் தரப்பில் ஒரு பெண்மணி. இடப்பக்கம் முதலாளிகள் தரப்பில் கட்டம் போட்ட கோட்டுக்காரர் ஒருவர். மொய்போனே துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். நகராட்சி வீடு ஒப்படைப்புச் சீட்டு. தேதி, முத்திரை, அதிகாரியின் கையெழுத்து.

"ஐயா, பிப்ரவரில நான் விலகல் எழுதினேன்கறாங்க. அதுல இருக்கற விலாசத்தைப் பாருங்க. அந்த வீடு அப்ப இல்ல. பதினாறு மாசம் முன்னாடியே இடிச்சாச்சு. இடிச்சது உங்க அரசாங்கம்தான். புல்டோசர் வந்த தேதி இந்தச் சீட்டுல இருக்கு."

தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கட்டம் போட்ட கோட்டுக்காரர் கேட்டார்: "பழக்கதோஷத்துல பழைய விலாசத்தை எழுதியிருக்கலாம் இல்லையா? நாங்களே சில சமயம் எழுதறோமே."

"உங்க பழைய வீட்டுல மழை ஒழுகிச்சாய்யா?"

அவர் கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷம் எங்க வீட்டுல ஒழுகிச்சு. இருமற மனுசன்மேல ஒழுகிச்சு. அந்தப் பக்கம் கட்டிலை இழுத்தா அந்தப் பக்கம் ஒழுகும். புது வீட்டுக்கு வந்தப்புறம் அந்த நம்பரை நான் வாயால கூடச் சொன்னதில்ல. மறதியில எழுதற நம்பரா அது?"

தொழிலாளர் தரப்புப் பெண்மணி எதையோ எழுதிக்கொண்டாள். மொய்போனே பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தாள். லெடிமா தண்ணீர் குடிக்கப் போனபோதெல்லாம் எடுத்த படங்களை டோர்ன்வால் கடையில் அச்சுப்போட்டு வைத்திருந்தாள். "இது வெளிய உக்காந்திருக்கறவங்களோடது. முப்பது பேருக்கும் ஒரே எழுத்து, ஒரே தப்பு. எங்கள்ல பாதிப் பேருக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையே தெரியாது. தெரியாத வார்த்தையை முப்பது பேரும் ஒரே மாதிரி எப்படிய்யா தப்பா எழுதுவாங்க?"

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, உங்க கோப்பை மட்டும்தான் உங்ககிட்ட நாங்க விசாரிக்க முடியும். மத்தவங்க கோப்பு மத்தவங்களோடது."

"எங்களை அனுப்பறப்ப மட்டும் மொத்தமா அனுப்பினாங்களே."

"எடுத்து வைங்க, தயவுசெஞ்சு."

அவள் எடுத்து வைத்தாள். மடங்கிய விரல்களால் தாள்களை ஒன்றுசேர்க்க நேரமாயிற்று. மூவரும் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் யாரும் பாடவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள்.

முடிவு வருவதற்குப் பிப்ரவரி ஆயிற்று. பழுப்பு உறைகள் ஒரே வாரத்தில் வந்தன. முப்பது உறைகளில் ஒரே வாசகம்: மனுதாரர் தமது கையொப்பத்தை மறுக்கவில்லை, மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. மொய்போனேயின் உறையில் மட்டும் மேல்முறையீடு ஏற்கப்படுகிறது என்றிருந்தது. கோபாங் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு தலையணை உறையில் போடாமல் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். "ஜெயிச்ச காகிதத்தை இப்பத்தான் முதல் தடவையா தொடறேன்," என்றான்.

மொய்போனே ஜெர்மினாவைப் பார்க்கப் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். ஜெர்மினா குடியிருந்த பின்கட்டு அறையில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வாடகை தரமுடியாமல் இரண்டு வாரம் முன்பே காலி செய்துவிட்டாளாம். எங்கே போனாள் என்று வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் லெடிமா கடிதத்தைப் படித்துவிட்டு இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டாள். "ஜெயிச்சுட்டீங்கம்மா! நான் இங்க வந்து அஞ்சு வருஷம், இப்படி ஒரு கடிதத்தைப் பாத்ததே இல்ல." உட்கார்ந்து தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்தது.

"என்னம்மா?"

"விலகின காரணத்தை மாத்தாம திறக்க மாட்டேங்குது. முதலாளி திருத்தின படிவம் வேணும். கையெழுத்து, சீலோட."

"கமிட்டி சொல்லியாச்சே, மூணு பேரு உக்காந்து?"

"கமிட்டி எனக்குச் சொல்லுதும்மா. கம்ப்யூட்டருக்கு முதலாளிதான் சொல்லணும்." லெடிமா வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, நிரப்ப வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னச் சிலுவைகள் போட்டுக் கொடுத்தாள். "ஒரு கையெழுத்துதான். போட்டுத்தானே ஆகணும் அவங்க. கமிட்டி உத்தரவு இருக்கே."

கோடை முடிந்தும் ஆலைக்குப் போகும் சாலையில் மார்ச் வெயில் இன்னும் சூடாகவே இருந்தது. மொய்போனே மண்சாலைத் திருப்பத்தில் டாக்சியிலிருந்து இறங்கி நடந்தாள். வாசலை நெருங்கும்போது முதலில் இறகு பொசுங்கும் வாடை வந்தது, பிறகு கம்பி வேலி வந்தது. பெரிய பலகையில் புது வெள்ளை அடித்து வேறொரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தார்கள். வெள்ளைக்கு அடியில் பழைய பெயரின் எழுத்துக்கள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. வேலியோரம் நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஈஸ்டருக்கு ஆள் எடுக்கிறார்கள்.

அரைமணி நேரம் கழித்து மொசியா வாசலுக்கு வந்தான். கழுத்தில் புது அடையாள அட்டை. மொய்போனே கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கடிதத்தையும் படிவத்தையும் நீட்டினாள். அவன் நின்றபடியே முழுவதும் படித்தான்.

"சந்தோசம் அக்கா. ஆனா இது பழைய கம்பெனிக்கு வந்த உத்தரவு."

"பழைய கம்பெனின்னா?"

"டிசம்பர்ல கலைச்சாச்சு. இது புதுக் கம்பெனி. ஜனவரிலேர்ந்து."

"கோழி அதேதானே?"

"கோழி அதே கோழிதான்."

"கொக்கி? வரிசை? நீ?"

"நான் புதுக் கம்பெனி ஆளு அக்கா. பழைய கம்பெனி சீல் என்கிட்ட இல்ல. போட்டா அது போர்ஜரி ஆயிடும்." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "கணக்கு முடிக்கற வக்கீல் கேப் டவுன்ல இருக்காரு. விலாசம் தரேன், எழுதிப் போடுங்க. ஆறு மாசம், ஒரு வருசம் ஆகும்."

"எங்கிட்ட தேதியில்லாம கையெழுத்து வாங்கினது யாரு, புதுக் கம்பெனியா பழைய கம்பெனியா?"

மொசியா வேலியோரத்து வரிசையைப் பார்த்தான்.

"நீ எங்க தெருவுல வளந்தவன்டா. உங்கம்மா சாவுக்கு மூணு நாள் உங்க வாசல்ல நின்னு களி கிண்டினது இந்தக் கை."

"அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன் அக்கா." அவன் குரல் ஒரு கணம் தாழ்ந்தது. "அது வேற, காகிதம் வேற." கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்துக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு உள்ளே திரும்பி, "அந்தக் கட்டைக் கொண்டாப்பா, ஆளுக்கு மூணு" என்று கத்தினான்.

காவலாளி ஒருவன் தாள்களை எடுத்து வந்து வரிசையில் விநியோகித்துக்கொண்டே போனான். மொய்போனே அவன் பின்னாலேயே நடந்தாள். அவளுக்குத் தெரியாத முகங்கள். சின்னப் பெண்கள், முதுகில் குழந்தையைக் கட்டியவர்கள். "மூணாவது தாளைப் படிங்கம்மா. படிக்காமப் போடாதீங்க. தேதி போடாமப் போடாதீங்க," என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். சிலர் தாளைப் புரட்டிப் பார்த்தார்கள். சிலர் அவளைப் பார்க்காமல் நகர்ந்து நின்றார்கள். "யாரு இந்தக் கிறுக்கு?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது.

"கிறுக்கு இல்லடி. ப்ளூம்ஃபொன்டெய்ன் வரைக்கும் போய் ஜெயிச்சவ."

மொய்போனே திரும்பினாள். ஜெர்மினா. மெலிந்திருந்தாள். மணிக்கட்டுத் துணியைக் காணோம்; அது இருந்த இடத்தில் தோல் ஒரு வளையம் போல வெளுத்துக் கிடந்தது. கையை அங்கிப் பைக்குள் பாதி மறைத்து வைத்திருந்தாள். இன்னொரு கையில் மூன்று தாள்.

"அக்கா, நீங்களா?"

"சர்ச்சுப் பின்னாடி படுத்துக்கறேன். அதெல்லாம் கேக்காத." ஜெர்மினா சிரித்தாள். "என்ன, பணம் வந்துச்சா உனக்கு?"

மொய்போனே தலையை ஆட்டினாள், இல்லை என்று. மொசியா சொன்னதைச் சொன்னாள். ஜெர்மினா கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"அக்கா, அந்த மூணாவது தாள்..."

"தெரியும்டி. அப்பப் படிக்காமப் போட்டேன். இப்பப் படிச்சுட்டுப் போடறேன். அவ்வளவுதான் முன்னேற்றம்." அவள் பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தாள். "பழைய சம்பளத்துல முக்கால் பங்கு. ஈஸ்டர் முடியறவரைக்கும். விரல் மடங்கறதுக்குள்ள அஞ்சாறு வாரம் ஓட்டிடலாம். போடலன்னா எனக்குப் பின்னாடி இருக்கறவ போடுவா."

பின்னால் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெர்மினா சுற்றிலும் பார்த்தாள். கம்பி வேலியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. தாளைக் கம்பிமேல் வைத்துப் பார்த்தாள், பேனா பொத்துக்கொண்டு போயிற்று.

"திரும்புடி," என்றாள். "கொஞ்சம் குனி."

மொய்போனே அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். தாள் அவள் முதுகில் விரிந்தது. பேனா முனை மேல்சட்டை வழியாக அழுந்தியது. பெயர், பிறகு குடும்பப் பெயர், பிறகு விலாசம். விலாசத்தில் ஜெர்மினா சிறிது நேரம் நிறுத்தினாள். ஏதோ எழுதினாள். கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் தேதி எழுதவில்லை.

"அக்கா, அப்படியே இருங்க," என்றது ஒரு சின்னக் குரல். "நானும் போட்டுக்கறேன்."

இன்னொரு தாள் விரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நிற்கும் காலடி மொய்போனேக்குக் கேட்டது. பேனாவில் மை வரவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் அதை உதறி உதறி முதுகில் கீறிப் பார்த்தாள். யாரோ வேறு பேனா கேட்டார்கள். யாரிடமோ ஒன்று இருந்தது. அது கை மாறி வந்து சேரும்வரை மொய்போனே நிமிராமல் குனிந்தே நின்றாள்.